வேண்டாம் என்று சொன்ன வீடு

"இந்த வருஷம் நானே வீடு வீடாப் போறேன்."

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மாரென் இதைச் சொன்னபோது அம்மா கோரினின் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மாரெனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 'வீடு வீடா' சுலபமாக வந்துவிட்டது. 'போறேன்'தான் உதட்டைத் தாண்டி வர மறுத்தது. 'ப'வும் 'ம'வும் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். உதடு மூடினால் திறக்காது. சொந்தப் பெயரே 'ம'வில் தொடங்குவது அவள் தலையெழுத்து. பேர் வைத்தது கோரின்.

"போயிட்டு வா" என்றான் வெண்டல். பேப்பர் மில்லை மூடியதிலிருந்து அவன் பால் டேங்கர் ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. இருக்கிற நாளில் மகள் எது கேட்டாலும் சரி என்பான்.

கோரினும் சரி என்றாள். வேறென்ன சொல்வது? ஆனால் மறுநாள் மாலை, மளிகை வாங்கப் போன இடத்தில் காரை நிறுத்திவிட்டு, பர்ச் தெருவில் தனக்குத் தெரிந்த வீடு ஒன்று விடாமல் போன் போட்டாள். "நாளைக்கு மாரென் ஸ்கூல் பேண்டுக்காகப் பழத்துக்கு ஆர்டர் கேட்டு வருவா. அவளை ரொம்பப் பேச விடாதீங்க. வந்ததும் எத்தனை பெட்டின்னு சொல்லிடுங்க, போதும்." எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் சம்மதித்தார்கள். கோரின் மூக்கைச் சிந்திக்கொண்டு, முட்டையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

வெண்டலுக்கு அது தெரியாது. மாரெனுக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை. கெல்னர் ஃபால்ஸ் நடுநிலைப் பள்ளியின் சாப்பாட்டு ஹாலில் டோனட் வாசனையும் ஈரக் கோட்டுகளின் வாசனையும் கலந்து கிடந்தன. பேண்டு ஆசிரியை மிஸ் ரோர்க் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பிள்ளைகளுக்கு விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஃபுளோரிடாவிலிருந்து ஆரஞ்சும் பம்ப்ளிமாஸ் போன்ற கிரேப்ஃப்ரூட்டும் டிசம்பரில் லாரியில் வரும். இப்போது ஆர்டர் எடுக்க வேண்டும். லாபத்தில் மாநிலப் போட்டிக்குப் போக பஸ் அமர்த்த வேண்டும்.

காபி பாத்திரத்தைச் சுற்றிப் பெற்றோர் கூட்டம்.

"எவ்வளவு வேணும்னு சொல்லட்டும், நான் செக்கா எழுதிக் குடுத்துடறேன்" என்றார் கர்ட் யெலினெக். டிராக்டர் கடைக்காரர். "எதுக்கு என் பையனைப் போய் ஊர்க் கதவையெல்லாம் தட்ட வைக்கணும்? எனக்குக் கூச்சமா இருக்கு."

"உங்களுக்காவது கூச்சம். எங்க ஆபீஸ்ல நான் கையில ஆர்டர் பேப்பரோட வந்தாலே எல்லாரும் டாய்லெட்டுக்குள்ள ஓடிடறாங்க" என்றாள் ஷெரில். "போன மாசம் பெரியவ ஸ்கூலுக்காக மெழுகுவர்த்தி வித்தேன். அதுக்கு முன்னாடி சின்னவனுக்காகப் பாப்கார்ன். இப்ப பழம். என்னைப் பாத்தா அவங்களுக்கே பாவமா இருக்கும்."

"கோரினைப் பாருங்கப்பா. அவளுக்கு என்ன கவலை" என்றார் கர்ட். "பல் டாக்டர் கிளினிக் கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு, வாயில பஞ்சை வெச்சு அனுப்பறாங்களே, அவங்ககிட்டப் போய் ஆர்டர் கேக்கறா. பாவம், தலையைத்தான் ஆட்ட முடியும். ஆட்டினா ஒரு பெட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். கோரினும் சிரித்தாள். அது உண்மைதான். மூன்று வருடமாக மாரென் பெயரில் விற்றதெல்லாம் அவள்தான். போன வருடம் பள்ளியிலேயே அதிகம் விற்றது மாரென் என்று மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சைக்கிள் ஹெல்மெட் கூடக் கொடுத்தார்கள்.

"இந்த வருஷம் அவளே போறா" என்றாள் கோரின்.

ஷெரிலின் முகம் சட்டென்று இளகியது. "தனியாவா?" என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தையில் இரக்கம் வழிந்தது. போன் செய்தது சரிதான் என்று கோரின் மறுபடி நினைத்துக்கொண்டாள்.

வெண்டல் தன் பிக்கப் டிரக்கை பர்ச் தெரு முனையில் நிறுத்தினான். ஏரிப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. மாரென் கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டிப் பார்க்கிறாள். ஒரு வாரமாகக் குளியலறைக் கதவை மூடிக்கொண்டு அவள் பழகியது அது; இரண்டு நாளாக வெளியே நின்று கோரினும் கேட்டிருக்கிறாள். 'வணக்கம், என் பேரு மாரென். நான் ஸ்கூல் பேண்டுல டிராம்போன் வாசிக்கறேன். நாங்க பழம் விக்கறோம்.'

"கூட வரட்டுமா? ஓரமா நிக்கறேன்" என்றாள் கோரின்.

"வேணாம்மா."

முதல் வீட்டுக் கதவு திறந்தது. மாரெனின் வாய் திறப்பது டிரக்கிலிருந்தே தெரிந்தது. அதற்குள் உள்ளே இருந்தவர் ஏதோ சொல்லி, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, அவள் தோளில் தட்டி அனுப்பிவிட்டார். இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவது வீட்டில் அவள் படியேறும் முன்பே கதவு திறந்திருந்தது.

கோரினுக்கு நெஞ்சு லேசானது. "பாத்தியா, நல்லாப் போகுது" என்றாள்.

வெண்டல் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். "ரொம்ப நல்லாப் போகுது. பர்ச் தெருவுல இருக்கறவங்க பைபிள் விக்க வந்தவனையே நாயை விட்டுத் துரத்தினவங்க. இன்னிக்கு என்ன இவ்வளவு பழ ஆசை?"

கோரின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"கோரின், நீ என்ன பண்ணின?"

அவள் சொல்வதற்குள் நான்காவது வீட்டில் சோப்சாக் அம்மாள் கதவைத் திறந்துவிட்டார். அவருக்குக் காது மந்தம். அதனால் அவர் பேசினால் தெருவே கேட்கும்.

"வா கண்ணு, வா. ரெண்டு பெட்டி எழுதிக்கோ. நீ ஒண்ணும் பேச வேணாம், சிரமப்படாத. உங்கம்மாதான் நேத்தே போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டாளே."

மாரென் அசையாமல் நின்றாள். பிறகு எழுதினாள். தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கி நேராக டிரக்கை நோக்கி வந்தாள். கோரின் கண்ணாடியை இறக்கினாள்.

"நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"கண்ணம்மா, சும்மா கொஞ்சம் பொறுமையா இருங்கன்னுதான்."

"எல்லார்கிட்டயுமா?"

கோரின் மகளின் கையிலிருந்த ஆர்டர் தாளைப் பார்த்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

"யாரும் என்னைப் ப... ப..." உதடு மூடிக்கொண்டது. கோரினின் உதடும் கூடவே மூடிக்கொண்டது. "பேசவே விடல" என்று அந்த வார்த்தையைக் கோரினே எடுத்துக் கொடுத்தாள். மகளின் முகம் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

மாரென் மூச்சை இழுத்து விட்டாள். "எனக்குப் பழம் விக்கணும்னு இல்லம்மா. அந்த வாக்கியத்தைச் சொல்லணும். ஒரு வாரமாப் ப... ப... பழகினேன். ஒரு வீட்லயும் சொல்ல முடியல."

அவள் திரும்பி நடந்தாள், பர்ச் தெருவில் அல்ல. பாலத்தைத் தாண்டி, பழைய மில் தொழிலாளர் குடியிருப்புப் பக்கம். அங்கே பாதி வீடு கைமாறிவிட்டது. யார் யார் இருக்கிறார்கள் என்று கோரினுக்கே தெரியாது.

கோரின் கதவைத் திறக்கப் போனாள்.

"அவ பின்னாடி ஓடாத" என்றான் வெண்டல்.

"உனக்கென்ன, நீ வாரத்துல பாதி நாள் ரோட்ல இருக்க. ஃபோன் மணி அடிச்சா அவ எழுந்து வேற ரூமுக்குப் போறதை நீ பாத்திருக்கியா? ஹோட்டல்ல அவளுக்கு எது ஆசையோ அதைக் கேக்காம, எது சொல்ல வருதோ அதைக் கேட்டுத் தின்னுட்டு வர்றா. அதையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கறவ நான்."

"நீதான் பாத்துக்கற. நான் இல்லன்னு சொல்லல." அவன் குரல் தாழ்ந்தது. "ஆனா போன வருஷம் ஹெல்மெட் வாங்க மேடைக்குப் போனாளே, அன்னிக்கு அவ முகத்தைப் பாத்தியா?"

"கூச்சம். அவ்வளவு பேர் முன்னாடி."

"கூச்சம் இல்ல கோரின். அது இன்னொருத்தரோட சாமானைத் தூக்கிட்டு வர்ற முகம். அந்த ஹெல்மெட்டை அவ இன்னி வரைக்கும் தலையில வெச்சதில்ல."

கோரின் கதவைத் திறந்து இறங்கினாள். "ஓட மாட்டேன். நடந்துதான் போறேன்" என்றாள். வெண்டல் தடுக்கவில்லை.

பாலத்தைத் தாண்டியதும் முதலில் வந்தது நீல வண்ணம் அடித்த வீடு. வாசலில் ஒரு பெரியவர் இலை ஊதும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு மேப்பிள் சருகுகளைத் துரத்திக்கொண்டிருந்தார். தபால் பெட்டியில் ப்ராக்னோ என்று பெயர். கோரின் பக்கத்து வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மீன்பிடிப் படகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நாற்பத்தைந்து வயதில் படகுக்குப் பின்னால் ஒளிகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

மாரென் அவர் எதிரே போய் நின்றாள். அவர் இயந்திரத்தை அணைத்தார். தெரு சட்டென்று அமைதியானது.

"என்ன?" என்றார்.

"வணக்கம். என் பேரு ம்... ம்ம்..."

மூடிய உதடு திறக்கவில்லை. மாரெனின் இடது கை கோட்டுப் பையை இறுக்கிக்கொண்டது. கோரினின் நகங்கள் உள்ளங்கையில் பதிந்தன. சொல்லிவிடு கண்ணே, மாரென், மாரென் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. யாராவது அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தால் என்ன?

ப்ராக்னோ எடுத்துக் கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. இயந்திரத்தின் வாரைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். வேலை கொஞ்ச நேரம் நிற்கும் என்று தெரிந்தவர் வைப்பதுபோல வைத்தார்.

"மாரென்" என்றாள் மாரென். "நான் ஸ்கூல் ப... ப... பேண்டுல டிராம்போன் வாசிக்கறேன். நாங்க ப... ப..." மறுபடி நின்றது. மூச்சு விட்டாள். மறுபடி தொடங்கினாள். "பழம் விக்கறோம்."

"என்ன பழம்?"

இந்தக் கேள்வி மனப்பாடத்தில் இல்லை. "ஆரஞ்சு. கிரேப்ஃப்ரூட். ரெண்டும் கலந்தும் உண்டு."

"எங்கேருந்து வருது?"

"ஃபுளோரிடா. டிசம்பர்ல வந்துடும்."

"ஆப்பிள் இருக்கா?"

"ஆப்பிள் இல்லைங்க."

ப்ராக்னோ மோவாயைத் தடவிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "அப்ப வேணாம்மா. எனக்கு வயித்துல புண்ணு. புளிப்பு ஆகாது. போன தடவை ஒரு ஆரஞ்சைத் தின்னுட்டு ரெண்டு நாள் படுத்துட்டேன்."

"பரவாயில்லைங்க. நன்றி."

"ஆப்பிள் வித்தா வா" என்று சொல்லிவிட்டு அவர் வாரை மாட்டிக்கொண்டார். இயந்திரம் மறுபடி இரைந்தது.

பிள்ளை இவ்வளவு பாடுபட்டுச் சொன்னதற்கு ஒரு பெட்டி வாங்கி யாருக்காவது கொடுத்தால் குறைந்தா போவார் இந்த மனுஷன்? கோரினுக்கு வந்த ஆத்திரத்தில் படகைச் சுற்றிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். அப்போதுதான் திரும்பிய மகளின் முகத்தைப் பார்த்தாள்.

மாரெனும் அம்மாவைப் பார்த்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தாள் கோரின். அவளோ கிட்டத்தட்ட ஓடி வந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. கண் பளபளத்தது.

"அம்மா, வேணாம்னுட்டார்."

"கேட்டேன் கண்ணு."

"முழுசாக் கேட்டுட்டு வேணாம்னார்மா. கேள்வியெல்லாம் கேட்டார். எனக்காக வாங்கல பாத்தியா? அவருக்கு வயித்துல புண்ணு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுப் புண்ணை இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லிக் கோரின் கேட்டதில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன் மாரென். அந்த வீடுகளுக்கெல்லாம் நானே மறுபடி போன் பண்ணி..."

"வேணாம், வேணாம். நீ யாருக்கும் போன் ப... பண்ணாத." மாரென் யோசித்தாள். "நான் திரும்பப் போறேன். எல்லா வீட்டுக்கும். இன்னும் போகாத வீட்டுக்கும். என் வாக்கியத்தைச் சொல்லிட்டு, இப்பவும் வேணுமான்னு கேக்கப் போறேன். வேணாம்னா ஆர்டரை அடிச்சிடுவேன்."

"எழுதிக் குடுத்ததையா?"

"ஆமா."

நாலு பேர் வேண்டாம் என்பார்கள், ஆறு பேர் முகம் சுளிப்பார்கள், ஒருவராவது சிரிப்பார். கோரினுக்கு எல்லாம் வரிசையாக வாய் வரை வந்தன. அவள் தன் கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றி மகளின் கழுத்தில் சுற்றினாள்.

"நானும் அப்பாவும் வீட்டுக்குப் போறோம்" என்றாள். "முடிச்சிட்டு வா."

அதைச் சொன்ன பிறகு நடந்து டிரக்குக்கு வருவதும், வெண்டலிடம் "எடு வண்டியை" என்று சொல்வதும் அவளுக்கு எளிதாக இருக்கவில்லை. வண்டி திரும்பும்போது கழுத்தைத் திருப்பாமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள். வெண்டல் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. வீடு வந்ததும் அவளே சொன்னாள். வயிற்றுப் புண் பேச்சு வந்ததும் அவனும் சிரித்துவிட்டான்.

நவம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும். கோரின் கோழி சூப்பை அடுப்பில் ஏற்றினாள். காரட் நறுக்கினாள். தேவைக்கு மேல் நறுக்கினாள். ஜன்னல் பக்கம் போனாள், வந்தாள். வெண்டல் தொலைக்காட்சியில் ஃபுட்பால் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெரு விளக்கு எரிந்த பிறகு கதவு திறந்தது. மாரென் பூட்ஸைக் கழற்றி உதறிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி வேறு வேலை இருப்பதுபோல நடித்தார்கள்.

"ஆர்டர் கொஞ்சம் குறைஞ்சிடுச்சு" என்றாள் மாரென், மேஜையில் உட்கார்ந்துகொண்டு. "சோப்சாக் அம்மாவுக்கு மூணு தடவை சொல்லவேண்டியதாச்சு. எனக்குத் திக்கினதால இல்ல, அவங்களுக்குக் காது கேக்கல. கடைசியில, 'உண்மையைச் சொல்றேன் கண்ணு, ஒண்டிக்கட்டைக்கு ரெண்டு பெட்டி எதுக்கு, உங்கம்மா கேட்டாளேன்னு சொன்னேன்' அப்படின்னாங்க. ஒரு பெட்டியை அடிச்சிட்டேன்."

"யாராவது சிரிச்சாங்களா?" கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டேவிட்டாள் கோரின்.

"ஒரு பையன். அவங்கப்பா அவனை உள்ள அனுப்பிட்டார்." மாரென் தோளைக் குலுக்கினாள். "அவர் பாத்துக்கிட்டார். நான் அவனைப் பாக்கல. நான் வாக்கியத்துல இருந்தேன்."

வெண்டல் ரொட்டியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான். அவன் கண் ஈரமாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"இன்னொண்ணு" என்றாள் மாரென். சூப்பைக் கலக்கிக்கொண்டே, தலை நிமிராமல். "கிறிஸ்துமஸ் கச்சேரியில ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி ஒருத்தர் வந்து பேசணும். அறிமுகம். யாருக்கு விருப்பம்னு மிஸ் ரோர்க் கேட்டாங்க. நான் போன வாரமே பேர் குடுத்துட்டேன். அதுக்குத்தான் இன்னிக்கு வீடு வீடாப் போய்ப் ப... பழகிக்கலாம்னு." இப்போது நிமிர்ந்தாள். "ஆனா மிஸ் ஒரு மாதிரி பாத்தாங்கம்மா. 'யோசிச்சுச் சொல்றேன்'னு சொல்லிட்டு ஃபைலைத் திறந்தாங்க. எனக்கு ஏன்னு ப... புரியல. மத்த யார்கிட்டயும் அப்படிச் சொல்லல."

கோரினுக்குப் புரிந்தது.

செப்டம்பர் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம், மாரெனுக்குத் தெரியாமல் ஒவ்வொரு வருடமும் போவதுபோல இந்த வருடமும் போய் ஒவ்வொரு ஆசிரியரையும் பார்த்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். 'தயவு செஞ்சு என் பொண்ணை எழுந்து பேசச் சொல்லாதீங்க. அவளே கேட்டாலும் வேணாம். அவ தாங்க மாட்டா.' மிஸ் ரோர்க் அதைத் தன் ஃபைலில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டாரா என்று கோரினே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை, மாரெனுக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போய் அதை அழிக்கச் சொல்லிவிட்டால்? யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். அந்த யோசனை வந்த வேகத்திலேயே, அதுவும் போன் போட்ட மாதிரிதான் என்று தோன்றியது.

கோரின் அகப்பையைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்து மகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"மாரென், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

வெண்டலின் கரண்டி நின்றது.

"என்னம்மா?"

"மிஸ் ரோர்க் ஏன் அப்படிப் பாத்தாங்கன்னா... நான்... செப்டம்பர்ல நான்..."

அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றாள். "நான்..." என்று மட்டும்தான் வந்தது. வெண்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாரென் அவன் பக்கம் கையை லேசாகத் தூக்கினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

மாரென் கரண்டியைத் தட்டின் ஓரமாக வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எந்த வார்த்தையையும் எடுத்துக் கொடுக்காமல், அவசரமே இல்லாதவள்போலக் காத்திருந்தாள்.